இயந்திரம் எட்டாத அடிமண்டியில் யார் இறங்குவது?

இறுதியாண்டுப் புராஜெக்ட் காலம் வந்துவிட்டால், பொள்ளாச்சியிலிருந்து கோவை வரை எந்தப் பொறியியல் கல்லூரிக் கண்காட்சிக்குப் போனாலும் ஒரு மேசையில் அது நிற்கும். நான்கு சக்கரம், ஓர் அர்டுயினோ பலகை, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் கம்பிச் சுருள், மேலே ஒரு ஜிபிஎஸ். கண்ணிவெடி கண்டறியும் ரோபோ! காந்திபுரத்துப் புராஜெக்ட் சென்டர்களில் அறிக்கையோடு சேர்த்து ரெடிமேடாகவே கிடைக்கும். தெர்மாகோலில் புல்தரை, அதனடியில் ஓர் இரும்பு வாஷர். வண்டி அதன்மேல் போனதும் பஸ்ஸர் கத்தும், எல்லோரும் கைதட்டுவார்கள். மனித உயிர் காக்கும் கண்டுபிடிப்பு என்று சான்றிதழும் கிடைக்கும்.

கொங்கு மண்ணில் கண்ணிவெடி கிடையாது. ஆனால் அந்தக் கல்லூரி விடுதியின் செப்டிக் டேங்க் நிறைந்தால் யார் வருகிறார், லாரிக் குழாய் உறிஞ்சாத அடிமண்டியை யார் வாளியில் அள்ளுகிறார், அவர் எந்தக் காலனியிலிருந்து வருகிறார் என்பது அந்த மேசைக்குப் பின்னால் நின்ற தம்பி தங்கைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நாங்கள் அந்தப் பிள்ளைகளைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. கண்ணிவெடி அகற்றும் வேலையிலிருந்து மலக்குழி மரணங்களுக்கு எதிராகப் போராடும் நாம் கற்க வேண்டியது ஏராளம் என்பதுதான் எங்கள் வாதம். ஆனால் கற்க வேண்டியது ரோபோவை அல்ல.

ஆழியாறு பக்கத்து முகாம்களில் இருக்கும் ஈழத்தமிழருக்குக் கண்ணிவெடி புராஜெக்ட் தலைப்பு அல்ல. 2009 மே மாதம் போர் முடிந்தபோது வன்னியிலும் யாழ்ப்பாணத்து முகமாலையிலும் வயல், வீட்டுமுற்றம், பனங்காடு எல்லாவற்றின் அடியிலும் வெடி இருந்தது. இலங்கை இராணுவமும் புதைத்தது, புலிகளும் புதைத்தார்கள். இராணுவம் பயன்படுத்திய பாகிஸ்தான் தயாரிப்பான பி4 வகையில் உலோகம் மிகச் சொற்பம். புலிகளின் ஜொனி மிதிவெடி மரப்பெட்டியில் செய்தது. நம் கண்காட்சி மேசையின் செம்புச் சுருள் இவற்றின் மேல் போனால் பஸ்ஸர் கத்தும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

சரி, பெரிய இயந்திரங்கள்? இருக்கின்றன. சுழலும் உருளையில் சங்கிலிகளைக் கட்டி மண்ணை அடித்துக்கொண்டே போகும் வண்டி இரண்டாம் உலகப் போரில், 1942 எல் அலமெய்ன் சண்டையிலேயே வந்துவிட்டது. இன்று ஸ்லோவாக்கியாவின் போஸெனா, குரோஷியாவின் டோக்-இங் வண்டிகளை ஓட்டுநர் உள்ளே உட்காராமல் தூரத்தில் நின்றே இயக்கலாம். உக்ரைனிலும் இத்தகைய வண்டிகள் ஓடுகின்றன. ஆனால் படைக்கு வேண்டியது வேறு, மக்களுக்கு வேண்டியது வேறு. டாங்கி போக ஒரு பாதை திறந்தால் படைக்குப் போதும். அந்த நிலத்தில் ஒரு பிள்ளை ஓடி விளையாட வேண்டுமென்றால், குறித்த ஆழம் வரைக்கும் ஒன்றுகூட மிச்சமிருக்கக் கூடாது. சங்கிலி அடித்த இடத்தில் சில வெடிகள் வெடிக்கும், சில உடைந்து சிதறும், சில அப்படியே கிடக்கும். பனைவேர், பதுங்குகுழி, ஈரமண் உள்ள இடங்களில் வண்டி தோற்றுவிடும். ஆகவே இயந்திரம் போன பிறகும் மனிதர் போகிறார்.

வன்னியில் அப்படிப் போனவர்களில் பலர் பெண்கள். கணவனைப் போரில் இழந்தவர்கள், குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். ஹலோ டிரஸ்ட், மாக் போன்ற வெளிநாட்டு அமைப்புகளிலும், டாஷ் போன்ற உள்நாட்டு அமைப்புகளிலும் சேர்ந்து மண்ணைத் துழாவினார்கள். நீண்ட பிடியும் பல்லும் வைத்த வாருகோல்தான் கருவி, அங்கே விறாண்டி என்பார்கள். அந்த விறாண்டியால் மண்ணை மெல்ல மெல்லச் சீவி எடுக்கும் முறையே இலங்கையில்தான் உருவாகி வளர்ந்தது. மலிவான உழைப்பு கிடைக்கும் இடத்தில் இயந்திரம் மெதுவாகத்தான் வரும் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. வன்னியைச் சொர்க்கமாகக் காட்டுவது எங்கள் நோக்கமல்ல.

ஆனால் அந்தப் பெண்ணைச் சுற்றி என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். முகத்துக்குக் கவசம், உடம்புக்குக் கவசம். ஒரு மீட்டர் அகலப் பாதை, இருபுறமும் அடையாளக் குச்சி. அடுத்த ஆளுக்கும் அவருக்கும் இடையில் விதித்த தூரம். இடைவேளை கட்டாயம். களத்தோரத்தில் மருத்துவ உதவியாளர், ஆம்புலன்ஸ். யாராவது அடிபட்டால் பக்கத்தில் இருப்பவர் ஓடக் கூடாது, வழியைச் சோதித்துத் திறந்துகொண்டுதான் மீட்புக்குப் போக வேண்டும். அதற்கு ஒத்திகை உண்டு. விபத்து நடந்தால் வேலை நிற்கும், விசாரணை நடக்கும், அறிக்கை எழுதப்படும். இதெல்லாம் யாருடைய கருணையும் அல்ல, சர்வதேசக் கண்ணிவெடி நடவடிக்கைத் தரநிலைகளில் எழுதிவைத்த விதிகள். 1999 முதல் லேண்ட்மைன் மானிட்டர் என்ற ஆண்டறிக்கை நாடுவாரியாகப் பாதிக்கப்பட்டோரைக் கணக்கிடுகிறது. வெடி அகற்றும்போது அடிபட்ட தொழிலாளர் அதில் தனி வகை.

இப்போது நம்மூருக்கு வருவோம். செப்டிக் டேங்க் லாரி தண்ணீரை உறிஞ்சிவிடும், அடியில் இறுகிய மண்டியை உறிஞ்சாது. பாதாளச் சாக்கடையில் ஜெட்டிங் வண்டி அடைப்பைத் தள்ளும். துணி, முடி, கட்டடக் கழிவு சேர்ந்து கெட்டித்துக் கிடந்தால் தள்ளாது. இங்கேயும் இயந்திரம் ஒரு மிச்சத்தை விட்டுவிட்டுப் போகிறது. வன்னியில் அந்த மிச்சத்துக்கு ஒரு விதிப்புத்தகம் இருக்கிறது. இங்கே அந்த மிச்சத்துக்கு ஓர் அருந்ததியர் காலனி இருக்கிறது! இரவு பத்து மணிக்கு ஒரு போன், ஒரு குவார்ட்டர் பாட்டில், ஒரு கயிறு. ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அளவு கூடினால் அது முதலில் மூக்கின் உணர்வைத்தான் கொல்லும். நாற்றமே தெரியாது, இரண்டு மூச்சில் ஆள் விழுவார். அவரைத் தூக்க இறங்கிய தம்பி விழுவார், அவரைத் தூக்க இறங்கிய மச்சான் விழுவார். ஒரே குழியில் இரண்டு பேர் மூன்று பேர் சாகும் செய்திகளை நாம் படிப்பது இதனால்தான். முதல் ஆள் விழுந்தால் ஓடாதே என்ற ஒற்றை ஒத்திகையைக் கூட இந்த நாடு அவர்களுக்குக் கொடுத்ததில்லை.

கம்போடியாவில் வெடி மோப்பம் பிடித்த மகாவா என்ற எலிக்கு 2020-ல் பிரிட்டிஷ் விலங்குநல அமைப்பு ஒன்று தங்கப் பதக்கம் கொடுத்தது. மிதித்தால் வெடிக்காத எடைதான் அந்த எலி. அதற்கும் வேலை நேரம் உண்டு, ஓய்வுபெறும் நாள் உண்டு, கடைசிக் காலத்தில் வாழைப்பழமும் கடலையும் உண்டு. எலி நன்றாக இருக்கட்டும்.

எலி என்றதும் நினைவுக்கு வருகிறது. கேரளத்து ஜென்ரோபோடிக்ஸ் 2018-ல் கொண்டுவந்த சாக்கடை ரோபோவின் பெயர் பாண்டிகூட், பெருச்சாளி. கும்பகோணமும் கோவையும் அதை வாங்கியிருக்கின்றன. மேலே நிற்பவர் திரையைப் பார்த்து இயக்க, உள்ளே இறங்கிய கை அள்ளும். நல்ல கருவி, மறுப்பதற்கில்லை. பாண்டிகூட் என்ற ஆங்கிலச் சொல்லே தெலுங்கின் பந்திகொக்கிலிருந்து போனது. கொங்கில் சாக்கடைக்குள் இறக்கப்படும் அருந்ததியர் பலரின் வீட்டு மொழி தெலுங்கு. பெயர் மட்டும் அவர்கள் வீட்டுக்குள்ளிருந்து போயிருக்கிறது.

அந்த ரோபோ முதலில் இறங்கிய ஊர் திருவனந்தபுரம். 2024 ஜூலை 13-ல் அங்கே ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் கால்வாயில் குப்பை அள்ள இறக்கப்பட்ட தற்காலிகத் தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் காணாமல் போனார். தேடும் வேலைக்கு ரோபோக்கள் கொண்டுவரப்பட்டன. 15-ஆம் தேதி உடல் கிடைத்தது. தோழர்களே, இதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். அந்த நகரத்தில் ரோபோ இருந்தது. கால்வாய்க்குள் முதலில் போனது மனிதன், அவன் உடலைத் தேடப் போனது ரோபோ.

அதனால்தான் சொல்கிறோம், கருவி இல்லாததால் சாவு என்பது பொய். இந்திய அரசுக்கு ரோபோ செய்யத் தெரியாதா? வெடிகுண்டை அணுகத் ‘தக்‌ஷ்’ என்ற தொலைவியக்க வண்டியைப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் புனே ஆய்வகம் செய்து படைக்குக் கொடுத்திருக்கிறது. (கண்ணிவெடியைத் தடைசெய்யும் 1997 ஒப்பந்தத்தில் மட்டும் இந்தியா இன்றுவரை கையெழுத்திடவில்லை. இலங்கையே 2017-ல் சேர்ந்துவிட்டது.) குண்டுக்கு முன்னால் நிற்பவரின் உயிருக்கு விலை உண்டு என்று இந்த அரசு ஒப்புக்கொள்கிறது. மலக்குழிக்கு முன்னால் நிற்பவருக்கு அந்த விலையை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது, அதுவும் செத்த பிறகு: 2014-ல் 10 லட்சம், 2023-ல் 30 லட்சம்.

சட்டம் என்ன சொல்கிறது? கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டத்தின் 33-ஆவது பிரிவு, சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் சுத்தம் செய்யத் தகுந்த தொழில்நுட்பக் கருவியைப் பயன்படுத்துவது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்கிறது. ஆக, இயந்திரம் சலுகை அல்ல. ஆனால் அதே சட்டம் ‘ஆபத்தான துப்புரவு’ என்பதற்குத் தரும் விளக்கம், பாதுகாப்புக் கருவி கொடுக்காமல் இறக்குவது மட்டுமே. கையுறை ஒன்றைக் காட்டிவிட்டால் தப்பிக்கப் பார்க்கலாம். இந்த ஓட்டை வழியாகத்தான் 2021 ஜூலையில் ஒன்றிய அரசு, கையால் மலம் அள்ளியதால் யாரும் செத்ததாகத் தகவல் இல்லை என்று மாநிலங்களவையில் சொன்னது. சாக்கடையில் செத்தவர்கள் வேறு கணக்காம்! அந்த வேறு கணக்கில், 1993 முதலான எண்ணிக்கையை நாடாளுமன்றத்தில் வைக்கும்போதெல்லாம் தமிழ்நாடு திரும்பத் திரும்ப முதலிடம் பிடிக்கிறது. சமூகநீதி மண் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த முதலிடத்தை ஏன் சுவரொட்டி ஒட்டிக் கொண்டாடுவதில்லை?

2023 பட்ஜெட்டில் மேன்ஹோல் இனி மெஷின்ஹோல் ஆகும் என்று அறிவித்தார்கள். பெயரை மாற்றுவதில் இந்த நாட்டுக்கு நெடுங்காலப் பழக்கம் உண்டு. எங்களையும் எத்தனை பெயர் சொல்லி அழைத்துப் பார்த்திருக்கிறார்கள்!

இயந்திரம் வந்தால் உங்கள் ஆட்களுக்குத்தானே வேலை போகும் என்று எங்களிடம் அக்கறையோடு கேட்பவர்கள் இருக்கிறார்கள். தொழிலாளர்களும் இதைக் கேட்கிறார்கள், அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நேற்றுவரை நாற்றத்துக்குள் இறங்க ஆள் கிடைக்காத வேலைக்கு, ஸ்டியரிங்கும் திரையும் வந்ததும் எல்லா ஊர்க்காரர்களும் விண்ணப்பிப்பார்கள். குழி எங்களுக்கு, கன்ட்ரோல் பேனல் ஒப்பந்ததாரரின் சொந்தக்காரருக்கு என்றால் அந்த ரோபோ எங்களுக்கு எதற்கு? மாற்று வழி இல்லாமல் இல்லை. ஐதராபாத்தில் 2017-ல் குறுகிய சந்துக்குள் போகும் சிறிய ஜெட்டிங் வண்டிகளைத் தலித் தொழில்முனைவோரே உடைமையாக வைத்து ஓட்டும் ஏற்பாடு நடந்தது. சென்னை ஐஐடியில் உருவான ஹோமோசெப் என்ற செப்டிக் டேங்க் இயந்திரத்தை, 2022-ல் மலக்குழியில் கணவனை இழந்த பெண்களின் குழுக்களிடம் கொடுத்தார்கள். வன்னியில் கணவனை இழந்த பெண் களத்தில் நிபுணராக நிற்கிறார் என்றால், இங்கேயும் நிற்க முடியும்.

ஆகவே பொள்ளாச்சி, உடுமலை, கோவைக் கல்லூரிகளில் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். ரோபோவைச் செய்யுங்கள், கண்ணிவெடிக்கே செய்தாலும் சரி. அதே கையோடு ஒரு வெள்ளைத்தாளில், பத்து ரூபாய் கட்டணத்தோடு, உங்கள் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதுங்கள். கழிவுநீர் அகற்றும் இயந்திரங்கள் எத்தனை, கடந்த ஆண்டில் ஒவ்வொன்றும் எத்தனை நாள் ஓடின? அவற்றை இயக்குபவர்கள் நிரந்தரப் பணியாளரா, ஒப்பந்தமா? விஷவாயு அளக்கும் கருவி இருக்கிறதா, கடைசியாகச் சரிபார்த்த தேதி என்ன? யாரையாவது உள்ளே இறக்க அனுமதி கொடுத்த அதிகாரி யார், அந்த உத்தரவின் நகல் எங்கே? இயந்திரத்தால் எடுக்க முடியாத அடைப்பு என்று எத்தனை பதிவாகியிருக்கிறது, அவற்றை எடுத்தது யார்?

இன்னொரு தாள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு. 2013 சட்டப்படி ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும். கடந்த மூன்று ஆண்டுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். வந்தால் எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.