உடைமுள் வளர்ந்தாலும் காடு காடுதான்

சனிக்கிழமை தோறும் தம்பானூர் ரயில் நிலையத்தில் ஒரு கூட்டத்தைப் பார்க்கலாம். சாலை பஜாரில் மூட்டை தூக்குகிறவர்கள், கடைச் சிப்பந்திகள், அலுவலகக் குமாஸ்தாக்கள். எல்லோரும் ஊருக்குப் போகிறவர்கள். வண்டி பாறசாலை, குழித்துறை, இரணியல் தாண்டும் வரை ஜன்னலுக்கு வெளியே தென்னையும் வாழையும் ரப்பரும் கண்ணுக்குக் குளிர்ச்சி. நாகர்கோவிலுக்குப் பின் தோவாளை, ஆரல்வாய்மொழி வந்ததும் காற்று முகத்தில் அறைகிறது. பணகுடி, வள்ளியூர், நாங்குநேரி என்று நிலையங்கள் மாற மாற மண்ணின் நிறம் மாறுகிறது. மரம் குட்டையாகிறது. குடை விரித்தாற்போல் உடைமரங்கள், இடையிடையே பனை.

கூட வருகிற மலையாளி நண்பர் எட்டிப் பார்த்துவிட்டு, "இவிடெ ஒந்நும் இல்லல்லோ" என்கிறார். நம்மவரும் சற்று வெட்கத்தோடு, "ஆமாம் சேட்டா, எங்கள் பக்கம் வெறும் முள்ளுக் காடுதான்" என்று ஒப்புக் கொள்கிறார்.

அந்த "வெறும்" என்ற சொல்லில்தான் தவறு இருக்கிறது. அது வெறும் பேச்சோடு நின்றால் பாதகமில்லை. ஆனால் அந்தச் சொல்லால் ஊரில் நிலமே கைமாறிக் கொண்டிருக்கிறது.

மலை செய்த ஏற்பாடு

தென்மேற்குப் பருவக் காற்று கடலிலிருந்து கொண்டு வரும் ஈரத்தை மேற்கு மலைத் தொடர் தடுத்து, இந்தப் பக்கத்திலேயே இறக்கி வைத்துவிடுகிறது. மலையைத் தாண்டுவது பெரும்பாலும் காய்ந்த காற்றே. திருவனந்தபுரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை. தூத்துக்குடியில் 650ஐ ஒட்டித்தான். அதுவும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் வெயிலும் காற்றும்தான்.

இந்த நிலையில் பிழைக்கத் தெரிந்த செடிகள்தான் அங்கே இருக்கின்றன. உடைமரத்தின் பொடி இலைகள் நீரை அதிகம் வீணாக்குவதில்லை. கிளுவை வேனிலில் இலையை உதிர்த்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும். கள்ளி தண்டிலேயே நீரைச் சேர்த்து வைத்துக் கொண்டு, பச்சைத் தண்டாலேயே உணவும் தயாரித்துக் கொள்கிறது. வேலியோரத்து ஆவாரை வறண்ட காலத்திலும் மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. முள்ளுக்கும் வேலை உண்டு. பறவை போட்ட வேப்பங்கொட்டை இலந்தைப் புதருக்குள் விழுந்தால், ஆட்டின் வாய்க்குத் தப்பி மரமாகிறது. புதரே அதற்கு வேலி.

திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அந்தச் செம்மணல் காற்றில் நகரக் கூடியது. அதைத் தடுக்க 19ஆம் நூற்றாண்டிலேயே உடையும் பனையும் நட வேண்டியிருந்தது. புதரை வழித்து எடுத்தால் மணல் எழுந்து நடக்கும்.

கணக்கில் ஏறிய பெயர்

விஷயம் தெரிந்தவர்கள் இதைக் காடு என்றே எழுதியிருக்கிறார்கள். சாம்பியன், சேத் ஆகிய இரு வன நிபுணர்கள் 1968இல் வெளியிட்ட இந்தியக் காடுகளின் வகைப் பட்டியலில், நமது உடைமரக் காட்டுக்குக் "கர்நாடகக் குடைமுள் காடு" என்று தனிப் பெயரே உண்டு. (இங்கே கர்நாடகம் என்பது பழைய சோழமண்டலச் சீமையைக் குறிக்கும்.) நம் முன்னோர்களும் பாலையை ஐந்திணையில் ஒன்றாக வைத்து, அதற்கும் தெய்வம், பறை, பண் எல்லாம் வகுத்தார்களேயன்றித் தள்ளி வைக்கவில்லை.

ஆனால் ரெவின்யூ கணக்கில் பார்த்தால் "தீர்வை ஏற்பட்ட தரிசு", "தீர்வை ஏற்படாத தரிசு", "மேய்க்கால் புறம்போக்கு" என்றுதான் இருக்கும். மத்திய அரசு 2000இல் வெளியிட்ட தரிசு நில வரைபடத் தொகுதியிலும் புதர் நிலம் தரிசின் ஒரு வகையாகவே சேர்க்கப்பட்டது. தரிசு என்று எழுதிவிட்டால் அப்புறம் யாருக்கும் மனம் உறுத்துவதில்லை. கல்குவாரியா, வீட்டு மனையா, சூரிய மின்தகடா, எதுவானாலும் "சும்மா கிடந்த நிலம்தானே" என்று முடிந்து விடுகிறது. அங்கே ஆடு மேய்த்தவனும், பதநீர் காய்ச்ச விறகு பொறுக்கியவளும், சித்த மருந்துக்கு மூலிகை பறித்தவரும் அந்தக் கணக்கில் இல்லை.

"பசுமையாக்குகிறோம்" என்று புறப்பட்டதும் நன்மையாக முடியவில்லை. 1877ஆம் ஆண்டை ஒட்டி இந்தியாவுக்குக் கொண்டு வரப்பட்ட சீமைக் கருவேலம் பிற்பாடு விறகுக்காகப் பரப்பப்பட்டு, இன்று கண்மாய், ஓடை, மேய்ச்சல் நிலம் எங்கும் மண்டிக் கிடக்கிறது. விறகும் கரியும் தந்து பல ஏழைகளின் அடுப்பை அது எரித்தது உண்மை. ஆனால் நம்மூர் உடையையும் விடத்தேரையையும் நெருக்கி ஒழித்ததும் அதே மரம்தான். இரண்டும் முள் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. தமிழக அரசு 2022இல் அயல் தாவரங்களை அகற்றுவதற்கென ஒரு கொள்கையே வகுத்திருக்கிறது.

கேரளம் காட்டும் வழி

மழைக்குப் பேர் போன கேரளத்திலும் ஒரு முள்ளுக் காடு இருக்கிறது. இடுக்கி மாவட்டத்தில், மறையூரிலிருந்து உடுமலைப்பேட்டை போகும் வழியில் சின்னாறு. ஆனைமுடிக்குப் பின்னால் மழை மறைவில் கிடக்கும் அந்த இடத்துக்குக் கிடைப்பது ஆண்டில் சுமார் 500 மில்லிமீட்டர்தான். அங்கேயும் முள்ளும் கள்ளியும்தான். கேரள அரசு அதைத் தரிசு என்று தள்ளவில்லை. 1984இல் சுமார் 90 சதுர கிலோமீட்டரை வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. நட்சத்திர ஆமையும், சாம்பல் நிறப் பெரிய அணிலும் அங்கே வாழ்கின்றன. மலைவாழ் மக்களே வழிகாட்டிகளாக இருந்து பயணிகளை அழைத்துச் செல்கிறார்கள்.

அபூர்வமாக இருப்பதால் அவர்கள் போற்றுகிறார்கள். ஏராளமாக இருப்பதால் நாம் ஏளனம் செய்கிறோம். நம் பக்கத்திலும் நல்ல முயற்சி இல்லாமல் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டுக் குன்றின் புதர்க் காடு 1987இல் வெளிமான் சரணாலயமாயிற்று. தென் கோடியில் இயற்கையாக வெளிமான் வாழ்வது அங்கேதான். உலகத்தில் பார்த்தால், தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் பெரும்பாலும் குட்டைப் புதர்களே நிறைந்த நிலங்கள் 2004இல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

செய்யக் கூடியது

மின்சாரம் வேண்டாம், தொழில் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முப்பந்தல் காற்றாலைகள் ஊருக்கு வெளிச்சம் தருவதை மறுப்பதற்கில்லை. வேலை ஊரிலேயே கிடைத்திருந்தால் பலர் திருவனந்தபுரத்துக்கு வந்திருக்கவே மாட்டார்கள். ஆனால் தகடு பதிக்கக் கூரைகள் இருக்கின்றன. சீமைக் கருவேலம் மண்டிப் பாழான நிலம் இருக்கிறது. முதலில் அவற்றைப் பார்த்துவிட்டுப் பிறகு உடங்காட்டுக்கு வரலாம்.

ஊரில் இரண்டு ஏக்கர் மானாவாரிப் புஞ்சை வைத்திருப்பவர்கள் இங்கே ஏராளம். தரகர் தொலைபேசியில் பேசியதை நம்பி, நிலத்தைப் போய்ப் பாராமலேயே பவர் எழுதிக் கொடுப்பது கூடாது. பொது நிலத்துக்குக் கேள்வி கேட்கும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் அது கூடுகிறது. இவற்றில் பெரும்பாலோருக்கு விடுமுறையும் உண்டு. ஓட்டு ஊரில் இருக்கிறவர்கள் அந்த நாட்களில் போய் உட்காரலாம். மேய்க்கால் புறம்போக்கு எத்தனை ஏக்கர், அது இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேட்கலாம். மரம் நடுகிறோம் என்று யாராவது வந்தால், என்ன மரம் என்றும் கேட்கலாம்.

அதற்கு முன்னால், ரயிலில் பக்கத்தில் இருப்பவர் ஒன்றுமில்லையே என்று சொன்னால், நம்மவர் வெட்கப்படாமல் உடை, கிளுவை, இலந்தை, ஆவாரை, விடத்தேரை என்று கையை நீட்டிக் காட்டட்டும். பெயர் தெரியாத பிள்ளைகள் பெட்டியில் இருந்தால் அவர்களும் கேட்டுத் தெரிந்து கொள்வார்கள்.