கைவிடப்பட்ட காரியம் அன்று

குழந்தைக்குப் பல நாட்களாகக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது, முகம் வெளுத்துவிட்டது, ஈறுகளில் இரத்தம் கசிகிறது. பரிசோதித்த மருத்துவர், ‘இரத்தப் புற்றுநோய்’ என்கிறார். எல்லாம் முடிந்தது என்று பெற்றோர் கலங்குகின்றனர். எவர் செய்த பாவமோ என்று முணுமுணுக்கும் உறவினரும் உளர். பிறவிக் குருடனைப் பற்றிச் சீடர்கள் இவ்வாறே வினவியபோது நம் ஆண்டவர் அவ்வெண்ணத்தை மறுத்ததை இவர்கள் மறந்துவிடுகின்றனர்.

இந்நோய் யாது? எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில்தான் இரத்த அணுக்கள் உற்பத்தியாகின்றன. அங்கே முதிர்ச்சியடையாத வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுவதே இரத்தப் புற்று. 1947-ஆம் ஆண்டின் இறுதியில், பாஸ்டன் நகரில் டாக்டர் சிட்னி ஃபார்பர் ‘அமினோப்டெரின்’ என்ற மருந்தைக் கொடுத்துச் சில குழந்தைகளின் நோயைத் தணித்தார். அம்மருந்தையும், அதன்பின் வந்த ‘மெத்தோட்ரெக்சேட்’டையும் உருவாக்கிய ஆய்வுக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். ஆயினும் தணிந்த நோய் சில மாதங்களிலேயே மீண்டது, குழந்தைகள் மாண்டனர்.

இந்நிலையில்தான் ஒரு நேர்ச்சை நிறைவேறியது. அமெரிக்க நகைச்சுவை நடிகர் டேனி தாமஸ், லெபனானிலிருந்து குடியேறிய கத்தோலிக்கப் பெற்றோரின் மகன். வாழ வழி தெரியாது தவித்த இளமையில், கைவிடப்பட்ட காரியங்களின் பாதுகாவலராகிய புனித யூதா ததேயுவிடம் மன்றாடி, வழி காட்டினால் அவர் பெயரால் ஓர் ஆலயம் எழுப்புவதாக வாக்களித்தார். புகழ் வந்தபின்பும் அவர் வாக்கை மறக்கவில்லை. 1962 பிப்ரவரி 4-ஆம் நாள் மெம்ஃபிஸ் நகரில், குழந்தைகளுக்கான புனித யூதா ஆராய்ச்சி மருத்துவமனையாக அது திறக்கப்பட்டது.

அதன் முதல் இயக்குநர் டாக்டர் டொனால்ட் பிங்கெல், இயேசு சபையார் நடத்தும் கனீசியஸ் கல்லூரியில் பயின்றவர். இளம்பிள்ளைவாதத்தால் தாக்கப்பட்டு, நோயாளியின் வேதனையைத் தம் உடலிலேயே அறிந்தவர். நிறவேற்றுமை தலைவிரித்தாடிய அந்நகரில், கறுப்பர், வெள்ளையர் என்ற பேதமின்றி எல்லாக் குழந்தைகளையும் ஒரே கூரையின் கீழ் ஏற்றார். பெற்றோரிடம் கட்டணமும் கேட்கப்படவில்லை. அந்நாளில் குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்றிலிருந்து பிழைத்தவர் நூற்றுக்கு நால்வரே.

மருந்து உண்ட குழந்தை விளையாடத் தொடங்குகிறது. இரத்தத்தில் நோயின் சுவடே தெரியவில்லை. பின் ஏன் நோய் திரும்புகிறது? பிங்கெல் இதையே ஆராய்ந்தார். சில நோயணுக்கள், மருந்து போதிய அளவு சென்றடையாத மூளையின் உறைகளில் ஒளிந்திருந்தன. எனவே அவர் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார். தலைக்குக் கதிர்வீச்சும், தண்டுவட நீரில் மருந்தும் செலுத்தினார். குழந்தை நலமாகத் தோன்றிய பின்னரும் இரண்டு மூன்று ஆண்டுகள் சிகிச்சையைத் தொடர்ந்தார். சாகும் குழந்தையை ஏன் வாட்ட வேண்டும் என்று கேட்ட மருத்துவர்களும் இருந்தனர். முதல் முயற்சிகளில் பிழைத்தவர் மிகச் சிலரே. 1967-ல் தொடங்கிய ஐந்தாவது ஆய்விலோ, 35 குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேர் முற்றிலும் குணம் பெற்றனர். ‘குணமாகும்’ என்ற சொல்லை மருத்துவ உலகம் நம்பத் துணிந்தது.

இவ்வெற்றிக்கு விலையும் உண்டு. தலைக்கு அளித்த கதிர்வீச்சு சில குழந்தைகளின் வளர்ச்சியையும் கல்வியையும் பாதித்தது. ஆகவே பின்வந்தோர் அதனைப் படிப்படியாகக் குறைத்து, பெரும்பாலான குழந்தைகளுக்கு வேண்டாததாக்கினர். இன்று சிறந்த மருத்துவமனைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளுக்கு மேல் பிழைக்கின்றனர். இம்மாற்றத்தைக் கண்குளிரக் கண்ட பிங்கெல், 2022-ல் தமது 95-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

நாம் இதனால் கற்பது யாது? நீடித்த காய்ச்சல், வெளிறல், காரணமற்ற இரத்தக் கசிவு, தோலில் நீலத் தழும்புகள், எலும்பு வலி ஆகியவற்றைக் கண்டால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரை அணுகுவோம். குழந்தை ஓடி விளையாடுகிறதே என்று சிகிச்சையைப் பாதியில் நிறுத்தாதிருப்போம். கண்ணுக்குப் புலப்படாத பகையே அப்போது எஞ்சியிருக்கிறது. செலவுக்கும் போக்குவரத்துக்கும் அஞ்சி ஒரு குடும்பம் பின்வாங்குமாயின், பங்கு மக்களாகிய நாம் பணத்தாலும், இரத்த தானத்தாலும், உடன் செல்லும் துணையாலும் அவர்களைத் தாங்குவோம்.

மருத்துவரையும் மருந்தையும் படைத்தவர் கடவுளே என்று சீராக் ஆகமம் நமக்குப் போதிக்கிறது. ஆகவே செபமாலையும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இறுதிவரை நிலைத்திருக்கும் வரத்தை நாள்தோறும் கேட்கும் நாம், நோயுற்ற பிள்ளையின் பெற்றோருக்காகவும் அவ்வரத்தையே இன்று கேட்போமாக.