பேய்ப் படத்துக்கு நிஜ ஊர்ப் பெயர் எதற்கு?

ஆழ்வார்பேட்டையில் ஆட்டோ பிடித்து, "டிமான்டி காலனி போப்பா" என்று சொல்லிப் பாருங்கள். "எது சார், அந்தப் பேய் காலனியா?" என்று டிரைவர் சிரிப்பார். ஒரு சின்ன குடியிருப்புக்கு இந்தப் பட்டத்தை ஊர் முழுக்க வாங்கிக் கொடுத்தது சினிமா!

வதந்தி முன்பே இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது பேட்டைக்குள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. 2015 மே மாதம் அஜய் ஞானமுத்து இயக்கி, அருள்நிதி நடித்த 'டிமான்டி காலனி' வந்தது. படம் ஓடியது. 2024 ஆகஸ்டில் இரண்டாம் பாகமும் வந்தாச்சு. வதந்திக்கு தமிழ்நாடு முழுவதும் டிக்கெட்!

யார் இந்த டிமான்டி? ஜான் டிமான்டி என்பவர் போர்ச்சுகீசிய வம்சத்து வியாபாரி. சென்னையில் பெரும் சொத்து சேர்த்தவர். 1821-ல் இறந்தார். சொத்தை தர்ம காரியத்துக்காக மாதா கோயிலுக்கு எழுதி வைத்தார். கல்லறை கோவளம் கடலோர தேவாலயத்தில் இருக்கிறது. ஏழை எளியவர்களுக்கென்று எழுதி வைத்த மனுஷனுக்கு இருநூறு வருஷம் கழித்துக் கிடைத்த மரியாதை, பேய் வேஷம்!

காலனியில் பழைய வீடுகள் ஆளில்லாமல் கிடந்தது வாஸ்தவம். குடித்தனம் இல்லாத வீட்டில் காரை பெயரும், மரம் முளைக்கும், வௌவால் வரும். இதற்கு ஆவி எதற்கு? பக்கத்துத் தெருவில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர் பாடுதான் திண்டாட்டம். பெண் வீட்டார் "மாப்பிள்ளை வீடு எங்கே?" என்று கேட்டால், பதில் சொல்வதற்குள் நாக்கு தடுக்குமா, தடுக்காதா?

மூடுபனி ஊர்

பயமுறுத்த நிஜப் பெயர் தேவையே இல்லை. 1980-ல் ஹாலிவுட்டில் ஜான் கார்பென்டர் 'தி ஃபாக்' என்று ஒரு படம் எடுத்தார். கடலோரச் சிற்றூர். நூறு வருஷத்துக்கு முன் ஊரார் செய்த துரோகம். கடலில் மூழ்கிச் செத்தவர்கள் மூடுபனியோடு கரையேறுகிறார்கள். பேயை அதிகம் காட்டவில்லை. பனி கதவிடுக்கில் நுழைவதைத்தான் காட்டினார். தியேட்டர் நடுங்கியது! கலங்கரை விளக்கம் நிஜம், கலிபோர்னியாவில் பாயின்ட் ரேய்ஸ் என்ற இடத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயர் மட்டும் 'அன்டோனியோ பே' என்று கற்பனை. எந்த ஊர்க்காரனுக்கும் தலைகுனிவு இல்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? 1964-ல் மலையாளத்தில் வின்சென்ட் இயக்கிய 'பார்கவி நிலையம்' வந்தது. பஷீர் எழுதிய கதை. பாழடைந்த வீடு, ஒரு எழுத்தாளர், ஒரு பெண்ணின் ஆவி. அறுபது வருஷம் தாண்டியும் அதன் பேச்சு ஓயவில்லை. வீட்டுப் பெயர் கற்பனை! போன வருஷம், இந்த வருஷம் என்று பார்க்காமல் சொன்னால், 2025-ல் வந்த ஜி.வி.பிரகாஷின் 'கிங்ஸ்டன்' படத்திலும் சாபம் பிடித்த மீனவ கிராமம் கற்பனைதான். படம் எப்படியோ போகட்டும், அந்த விஷயத்தில் ஷொட்டு கொடுக்கலாம்.

உடைந்த பாலம்

அடுத்த குறி அடையாறு முகத்துவாரமாக இருந்தால் ஆச்சரியமில்லை. 1967-ல் கட்டி, 1977-ல் நீரோட்டத்தில் இடிந்த பாலம் அங்கே பாதியில் நிற்கிறது. 'பேய் உலாவும் இடம்' என்று இப்போதே பேச்சு அடிபடுகிறது. சாயங்காலம் ஆறரை மணிக்கு அங்கே நின்றால் காற்றும் இருட்டும் சேர்ந்து வயிற்றைக் கலக்கும். டைரக்டருக்கு செட் செலவு மிச்சம்! ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் சீனிவாசபுரம், இந்தப் பக்கம் ஊரூர் குப்பம். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்ளே வந்ததைக் கண்ணால் பார்த்த ஜனங்கள். சீனிவாசபுரத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், "இங்கே ராத்திரியில் ஆவி அழுமாமே?" என்று செல்போனை நீட்டலாமா?

காற்றை எடுத்துக்கொள்ளட்டும், கடலை எடுத்துக்கொள்ளட்டும். பாலத்தைக்கூட படம் பிடிக்கட்டும். பெயரை மட்டும் விட்டுவிடட்டும்.

'இதில் வரும் பெயர்கள், இடங்கள் யாவும் கற்பனையே' என்று படத்துக்கு முன்னால் எழுத்துப் போடுகிறார்கள். அது மறைவதற்குள் டைட்டிலில் ஆழ்வார்பேட்டை விலாசம்!