சிவப்பு ஃபில்டரும் கருகிப்போன வயலும்

போட்டோகிராபி கிளப்பில் புதுசா சேர்ந்த ஜூனியர்ஸ் சில பேர் இப்போ ஃபிலிம் கேமரா தூக்கிக்கிட்டு அலையுறாங்க. பார்க்க சந்தோஷமா இருக்கு. ஆனா எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, பிளாக் அண்ட் ஒயிட்டுக்கு ரெட் ஃபில்டர் எங்க கிடைக்கும்?" அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. வாங்காதீங்கன்னு சொல்ல வரல. முதல் ஃபில்டரா அதை வாங்காதீங்க என்பதுதான் என் கருத்து. காரணம் இருக்கிறது, கொஞ்சம் வலிக்கிற காரணம்.

போன கார்த்திகையில் ஊருக்குப் போயிருந்தேன். தாத்தா நாற்பது வருஷம் குத்தகைக்கு உழுத வயல் அது. அடுத்த போகம் கிடையாது, பிளாட் போடப் போறாங்கன்னு ஏற்கெனவே பேச்சு. கடைசியா ஒரு தடவை ஃபிலிமில் எடுத்து வைக்கலாம்னு மாமாவோட பழைய எஸ்எல்ஆரை எடுத்துக்கிட்டு போனேன். ஒரே ஒரு ரோல், 36 ஷாட். கிளம்பும்போது ஹாஸ்டல் நண்பன் தன் ரெட் ஃபில்டரைக் கையில் திணித்தான். "மச்சி, இதைப் போடு, வானம் சும்மா மிரட்டும்" என்றான். முழு ரோலையும் அதிலேயே எடுத்தேன்.

வானம் மிரட்டியது உண்மைதான். மழை விட்ட மறுநாள் என்பதால் அடர் நீலம்; பிரிண்டில் அது கிட்டத்தட்ட கறுப்பு, நடுவே பஞ்சு மாதிரி மேகம். ஆனால் கீழே இருந்த சம்பாப் பயிரும் கறுப்பு. வரப்பு, தென்னை, வாய்க்கால் ஓரப் புல் எல்லாம் ஒரே இருட்டு. தாத்தா கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது எந்த ஊருடா? பயிரு ஏன் இப்படிக் கருகிக் கெடக்கு?" என்னிடம் பதில் இல்லை. பொங்கலுக்குப் போனபோது வயலில் கல் நட்டிருந்தார்கள்.

தப்பு ஃபில்டர் மேல் இல்லை. அது என்ன செய்யும்னு தெரியாமல் போட்டேனே, அதுதான் தப்பு. கலர் ஃபில்டர் தன் நிறத்து ஒளியை உள்ளே விடும், மற்ற நிறங்களைத் தடுக்கும். அதனால் சிவப்பு ஃபில்டர் போட்டால் செம்மண்ணும் ஓட்டுக் கூரையும் வெளுக்கும், நீல வானம் கறுக்கும். இலையில் இருக்கும் பச்சையம் சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் உறிஞ்சிக்கொண்டு பச்சையைத்தான் அதிகம் திருப்பி அனுப்புகிறது. அந்தப் பச்சையை ஃபில்டர் நிறுத்திவிட்டால் பயிரிலிருந்து ஃபிலிமுக்கு வந்துசேர என்ன மிச்சம்? பிளஸ் டூவில் படிச்சதுதான். பரீட்சையில் எழுதினேன், வயலில் மறந்துட்டேன்.

அப்போ சிவப்புக்கு இவ்வளவு பேர் எங்கிருந்து வந்தது? இந்தப் பேச்சை எடுத்தாலே ஆன்சல் ஆடம்ஸ் வந்துவிடுவார். 1927 ஏப்ரலில், 25 வயதில், அமெரிக்காவின் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் மலைமுகத்தை எடுத்தார். முதலில் மஞ்சள் ஃபில்டரில் எடுத்தார். தன் மனசில் இருந்த படம் அதில் வராது என்று தோன்றியதும், மிச்சமிருந்த ஒரே கண்ணாடித் தட்டில் அடர் சிவப்பு ஃபில்டரைப் போட்டு மறுபடி எடுத்தார். வானம் கறுத்தது, பாறை எழுந்து நின்றது. அது சரியான முடிவு. ஏனென்றால் அவர் முன்னால் இருந்தது சாம்பல் நிறக் கிரானைட், பனி, உயர்ந்த மலையின் தெளிந்த வானம். என் முன்னால் இருந்தது பச்சை வயல். அவருடைய ஃபில்டரை மட்டும் காப்பி அடித்தேன். "எனக்கு எது தெரியணும்?" என்று அவர் முதலில் கேட்டுக்கொண்டதை விட்டுவிட்டேன்.

சரி, எதை வாங்குவது? ஃபிலிமில் எடுப்பவர்களுக்கு என் வரிசை இதுதான்.

முதலில் மஞ்சள், 8ஆம் எண். ஒரு ஸ்டாப் ஒளிதான் குடிக்கும். வானம் லேசாக இறங்கும், மேகம் பிரிந்து தெரியும், பயிர் பயிராகவே இருக்கும். கேமராவை விட்டுக் கழற்றாமலே வைத்திருக்கலாம். அடுத்தது மஞ்சள் கலந்த பச்சை, 11ஆம் எண். சுமார் இரண்டு ஸ்டாப். வயல், தோப்பு, காடு எடுப்பவர்களுக்கு இதுதான். இலைகளுக்குள்ளே இருக்கும் வெளிர் பச்சை, அடர் பச்சை வித்தியாசம் இதில் நன்றாகப் பிரியும். அன்றைக்கு என்னிடம் இது இருந்திருக்கணும்.

மூன்றாவதாக ஆரஞ்சு. தூரத்து மலை எடுப்பவர்களுக்கு உதவும். காற்று மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவு, அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதம். 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறும். மேற்குத் தொடர்ச்சி மலை தூரத்தில் நீலமாகத் தெரிவதும் இதனால்தான். ஆரஞ்சு அந்த நீலத்தை வெட்டுவதால் மலை மடிப்புகள் தெளிகின்றன. ஆனால் பனிமூட்டமோ தூசியோ வெள்ளையாகவே மூடியிருந்தால் எந்தக் கலர் ஃபில்டரும் பெரிதாக உதவாது, வெள்ளையில் எல்லா நிறமும் இருக்கிறதே! சித்திரை வெயிலில் வெளுத்துப்போன வானத்துக்கும் இதே கதைதான்.

சிவப்பு கடைசியில். 25ஆம் எண் மூன்று ஸ்டாப் குடிக்கும். ஐஎஸ்ஓ 100 ஃபிலிமில், நல்ல வெயிலில், எஃப்/16இல் 1/125 நொடியில் எடுக்க வேண்டிய படம் 1/15க்குப் போகும். கையில் பிடித்தால் ஆடும். டிரைபாட் வைத்தாலும் காற்றில் பயிர் ஆடும். நிழலும் கூடுதலாகக் கறுக்கும், ஏனென்றால் நிழலுக்கு வெளிச்சம் கொடுப்பது பெரும்பாலும் நீல வானம். பாறை, கோயில் கோபுரம், செம்மண் தேரி என்றால் தாராளமாகப் போடுங்க. பச்சை இருந்தால் ரெண்டு தடவை யோசிங்க.

டிஜிட்டலில் எடுப்பவர்களுக்கு வேறு பதில்: கலர் ஃபில்டரே வாங்காதீங்க. பெரும்பாலான கேமரா சென்சாரில் ஏற்கெனவே பேயர் ஃபில்டர் இருக்கிறது. நாலு பிக்சலில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மேலே சிவப்புக் கண்ணாடியைப் போட்டால் உருப்படியாக வேலை செய்வது கால்வாசி பிக்சல்தான். பேசாமல் ராவில் கலராக எடுத்து, கம்ப்யூட்டரில் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது ஒவ்வொரு நிறத்தின் ஸ்லைடரையும் நகர்த்துங்க. வானத்தை மட்டும் இறக்கி, பயிரை ஏற்றலாம். நீலத்தை ரொம்ப இழுத்தால் நாய்ஸ் வரும், அளவோடு. காசு இருந்தால் போலரைசர் வாங்குங்க, அதை சாஃப்ட்வேர் ஈடுகட்ட முடியாது. சூரியனுக்கு 90 டிகிரி திசையில் வானம் நன்றாக இறங்கும். நாற்று நட்ட வயலில் மட்டும் பார்த்துத் திருப்புங்க, தண்ணீரின் பளபளப்பையும் சேர்த்து அழித்துவிடும்.

"ரெட் போட்டா ஒரு டிராமா வருதே, அதை எப்படி விடுறது?" என்று கிளப்பில் ஒரு சீனியர் அண்ணா கேட்டார். நியாயமான கேள்வி. வானம்தான் உங்கள் படம் என்றால் போடுங்கள். எனக்கு அன்று வானம் தேவையே இல்லை. வானம் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. எனக்குத் தேவைப்பட்டது கீழே இருந்த பயிர். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் ஒரு நிறத்தைத் தடுத்துவிட்டால் தடுத்ததுதான், பின்னால் மீட்க ஸ்லைடர் கிடையாது.

அதனால் ஃபில்டரைக் கையில் எடுக்கும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்க. இந்த ஃபிரேமில் எது இல்லாமல் போனால் வருத்தப்படுவேன் என்று கேளுங்க. அதன் நிறம் என்ன என்று பாருங்க. அந்த நிறத்தைத் தடுக்காத ஃபில்டரை எடுங்க. என் மஞ்சள் ஃபில்டர் கிளப் அலமாரியில் இருக்கிறது, 52 மிமீ. தேவைப்படுறவங்க எடுத்துக்கலாம், திருப்பி வச்சிடுங்க.