பழுதிலிருந்து பிறந்த ஓசை



ஆராதனையில் டிஸ்டார்ஷன் பெடல் தகாது என்று சிலர் கடிந்துகொண்டதால், வாலிபன் ஒருவன் தன் கித்தாரை உறையிலிட்டுப் போய்விட்டான்.

அக்கரகரப்பின் பிறப்பை எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய ‘டோன்ட் வொர்ரி’ பதிவாகையில், ஒலிக்கலவைக் கருவியின் பழுது பேஸ் கித்தாரின் ஓசையைச் சிதைத்தது. அதை அவர்கள் தள்ளிவிடவில்லை. 1962-இல் அவ்வோசைக்கென்றே மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் பெடல் வந்தது.

150-ஆம் சங்கீதம் பேரோசையுள்ள கைத்தாளத்தையும் துதிக்கு அழைக்கிறது. ஆகவே பெடலை நான் குற்றப்படுத்தேன். ஆயினும் ஒலியலையின் முகடுகளை டிஸ்டார்ஷன் கடுமையாக வெட்டும். ஓவர்டிரைவ் மென்மையாக மழுக்கும். பாடலின் சொற்கள் மூதாட்டிகளின் செவிக்கு எட்டாதபோது, தம்பி, மென்மையானதையே மிதி.

பெரியோரே, அவனைத் திரும்ப அழையுங்கள்.