உபாத்தியாயர்களின் கூந்தல் போட்டி

அமெரிக்காவில் அங்கமர்த்தனத்தை, அதாவது 'மஸாஜ்' சிகிச்சையை, கற்பிக்கும் உபாத்தியாயர்கள் தங்களுக்குள் விநோதமான ஒரு போட்டி வைத்துக்கொண்டார்களாம். யார் நன்றாக உடம்பு பிடித்துவிடுகிறார் என்பதல்ல போட்டி. யாருடைய கேசம் அழகு என்பதே! வெறும் வேடிக்கைக்காகத்தான்.

அந்தத் தொழிலில் தலைமயிருக்கு உள்ள அந்தஸ்தை அறிந்தவர்களுக்கே இந்த ஹாஸ்யம் முழுமையாக ருசிக்கும். சிகிச்சைக்கு வந்தவர் மேஜைமீது குப்புறப் படுத்திருக்கிறார். சிகிச்சை செய்கிறவர் அவர்மீது குனிந்து, எண்ணெய் தடவி, தசைகளை அழுத்துகிறார். அப்பொழுது ஒரு சிறு கற்றை முன்னால் சரிந்தால் போதும். படுத்திருப்பவருக்கோ கூச்சம், எண்ணெயில் ஒட்டினாலோ அசுத்தம். ஆகவே, நீண்ட கூந்தலை இழுத்துக் கட்ட வேண்டும் என்பது மாணாக்கருக்கு ஆரம்பத்திலேயே சொல்லும் பாடம். நியூயார்க் ராஜ்யத்தில் இத்தொழிலுக்கு லைசென்ஸ் பெற 1,000 மணி நேரம் பயில வேண்டும். அத்தனை நேரமும் "கூந்தலைக் கட்டு, கூந்தலைக் கட்டு" என்று அதட்டிய அம்மாள், ஒரு நாள் தம் கூந்தலை அவிழ்த்துவிட்டுப் பரிசுக்கு நின்றால் மாணாக்கர் எவ்வளவு ஆனந்தப்படுவார்கள்!

"உபாத்தியாயருக்கு இது அடுக்குமா? கௌரவம் என்ன ஆவது?" என்று என் சகா ஒருவர் கேட்டார். அந்தக் கௌரவம் வந்த கதையைச் சற்றுப் பார்க்கலாம்.

1894-ல் லண்டன் நகரில், மஸாஜ் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு சில விடுதிகளில் நடந்துவந்த ஒழுக்கக்கேட்டை பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகை ஒன்று அம்பலப்படுத்திற்று. யோக்கியமாகத் தொழில் செய்த ஸ்திரீகளின் தலையிலும் பழி விழுந்தது. லூஸி ராபின்ஸன், ராஸலிண்ட் பாஜெட் முதலிய நால்வர், நர்ஸ் தொழிலில் பழகியவர்கள், அவ்வருஷமே ஒரு சங்கம் கண்டார்கள். அதன் விதிகள் கடுமையானவை. டாக்டர் உத்தரவின்றிச் சிகிச்சை கூடாது. ஆண்களுக்குப் பொதுவாக மஸாஜ் செய்யலாகாது. வைத்தியப் பத்திரிகை தவிர வேறெதிலும் விளம்பரம் கூடாது. ஒரு சொல்லுக்கு ஒட்டிய மாசைத் துடைக்க இவ்வளவு பாடு! 1920-ல் அச்சங்கத்துக்கு ராஜ சாஸனம் கிடைத்தது. இன்றைய பிரிட்டிஷ் பிஸியோதெரபி சங்கம் அதுவே; அந்தப் பெயரை 1944-ல் சூட்டிக்கொண்டது. அமெரிக்காவிலும் இதே தொல்லைதான். அங்கே 1943-ல் சிகாகோவில் தோன்றிய சங்கம், 'மஸாஜ்காரர், மஸாஜ்காரி' என்ற பொருளுள்ள சொற்களைத் தன் பெயரிலிருந்தே பின்னால் நீக்கிவிட்டது.

லண்டனின் அந்த நால்வர் 1894-ல் கூந்தல் போட்டி வைத்திருக்க முடியுமா? ஊர் அவர்களைச் சும்மா விட்டிருக்குமா? அன்று அவர்கள் ஒரு மயிரிழைகூடக் கலையாமல் நிற்க வேண்டியிருந்தது. இன்று அவர்கள் வழியில் வந்தவர்கள் தங்களையே கேலி செய்துகொள்கிறார்கள் என்றால், என் சகா கவலைப்படும் கௌரவம் பத்திரமாகவே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மேலும், இதில் மஸாஜ் உபாத்தியாயர்கள் முதல்வர்களும் அல்லர். 'இக் நோபல்' பரிசுகளை வழங்கிவரும் அமெரிக்க ஹாஸ்யப் பத்திரிகை, செழித்த கேசமுடைய விஞ்ஞானிகளுக்கென்றே 2001-ல் ஒரு சங்கம் தொடங்கியது. முதல் அங்கத்தினர், மனோதத்துவப் பேராசிரியர் ஸ்டீவன் பிங்க்கர். அவருடைய சுருட்டை முடியைப் படத்திலாவது பார்த்தவர்கள் தேர்வைக் குறைகூற மாட்டார்கள். முன்னொரு காலத்தில் கேசம் இருந்த விஞ்ஞானிகளுக்கும் தனியாக ஒரு சங்கம் உண்டு. எவ்வளவு தயாள சிந்தை!

அங்கமர்த்தன உபாத்தியாயர்களும் அடுத்த முறை அப்படி ஒரு பிரிவு வைக்கலாம். என்னைப் போன்றவர்களுக்கு அதில்தான் இடம். இழுத்துக் கட்ட வேண்டிய சிரமமும் இல்லை; எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட எங்கள் தலையைவிடச் சௌகரியமான தலையும் அகப்படாது.