பட்டையும் காளானும்

அமிர்தி காட்டுக்குப் போகிறவர்கள் அருவியையும் மானையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மழை விட்ட வாரத்தில் போனால் அடிமரங்களையும் ஒரு பார்வை பாருங்கள். சுவரில் அடித்த பலகை போல் பட்டையிலிருந்து மரக்காளான் நீட்டிக்கொண்டிருக்கும். குடைக்காளான் மாதிரி இரண்டு நாளில் சுருண்டு கரைகிற சாதி இல்லை. சில வகை வருஷக்கணக்கில் நிற்கும், நகத்தால் கிள்ள வராது. குனிந்து அடிப்பக்கம் பார்த்தால் மடிப்புகள் இருக்காது, ஊசி குத்தினாற்போல் பொடித் துளைகள்தான். கானோடெர்மா வகை என்றால், துளைகளிலிருந்து உதிர்ந்த பழுப்புத் தூள் கீழே கிடக்கும் சருகுகளில் படிந்திருக்கும். அதுதான் அதன் வித்து.

டேனரிகளுக்கு நடுவே வளர்ந்த நம்மூர்க்காரர்களுக்கு இந்தப் பட்டை, காளான் உறவில் ஒரு தனி சுவாரசியம் உண்டு. குரோம் வருவதற்கு முன் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தானே இங்கே தோலைப் பதனிட்டார்கள்? அவற்றிலுள்ள டானின் தோலின் புரதத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிறகு அது அழுகாது. மரம் அந்தச் சரக்கைத் தனக்காகத்தான் சேர்த்து வைத்தது, பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் இருக்க. நாம் உரித்தெடுத்துக்கொண்டோம்.

பட்டை முழுசாக இருக்கும்வரை மரக்காளானுக்கு வழி கிடைப்பது கஷ்டம். மின்கம்பிக்காகக் கிளையை முறித்த காயம், அடியில் குப்பை கொளுத்திய வடு, இவை போதும். சாலையோரப் புளியமரங்களைப் பார்த்தால் தெரியும். ஆனாலும் காளான் வந்த மரமெல்லாம் சாகப்போகிற மரமில்லை. வைரம் என்று நாம் சொல்லும் நடுக்கட்டை உயிரற்ற பகுதிதான். அது தின்னப்பட்டுப் பொந்து விழுந்தாலும் வெளிச்சுற்று தண்ணீர் ஏற்றிக்கொண்டே இருக்கும். பொந்தில் கிளியும் ஆந்தையும் குடியேறும். பச்சைக் குக்குறுவான் துளை போடுவதும் உளுத்த கிளையில்தான்.

தென்னையில் கதை வேறு. தஞ்சாவூரில் 1952 புயலுக்குப் பிறகு கானோடெர்மாவால் வந்த நோய்க்கு அந்த ஊர்ப் பெயரே தஞ்சாவூர் வாடல் என்று நிலைத்துவிட்டது. தென்னைக்கு வைரம் தனி, வெளிச்சுற்று தனி என்று கிடையாது. அடித்தண்டு அழுகினால் மேலே தண்ணீர் போகாது. முதலில் அடிமர வெடிப்பில் செம்பழுப்பு நீர் கசியும். காளான் தலைகாட்டுவது பெரும்பாலும் கடைசியில்தான். குடியாத்தம் பக்கத் தோப்புக்காரர்கள் அதைச் செதுக்கி எறிந்து சுண்ணாம்பு பூசுவதில் பலனில்லை. அந்த மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டி வேர்த்தொடர்பை அறுங்கள். பக்கத்து மரங்களுக்கு ஆளுக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு வையுங்கள்.